சூரியனுக்குப் பல் பிடித்துப் பார்த்த மாடத்தி

வெகு வெகு காலத்துக்கு முன்னால், வண்டிமாடு வழி சொன்ன காலத்தில், வானத்தில் இருப்பவர்கள் தரையில் இருப்பவர்களோடு பேச்சுவார்த்தை வைத்திருந்த காலத்தில், வெயிலூர் என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. சின்னவர்களும் கேளுங்கள், பெரியவர்களும் கேளுங்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

வெயிலூரில் ஞாயிற்றுக்கிழமைதோறும் மாட்டுச் சந்தை கூடும். அந்தச் சந்தையில் தரகு பார்த்தவள் மாடத்தி. பொம்பளைக்கு மாட்டுத் தரகா என்று கேட்டவர்கள் ஒரு தடவைதான் கேட்டார்கள். அவள் கோபம் அப்படி. தோளில் கிடக்கும் சிவப்புக்கரைத் துண்டை எடுத்து ஒரு உதறு உதறுவாள். பக்கத்துக் கடையில் குவித்து வைத்த பொரி பறக்கும்.

தாய் தகப்பன் இல்லாமல் வளர்ந்தவள். அறியாத வயதில் அவள் வாங்கிய முதல் பசுவின் பல்லை எவனோ அரம் வைத்து ராவி, இளம்பசு என்று தலையில் கட்டிவிட்டான். வாங்கிய வருஷமே அது கிழடு தட்டிச் செத்துப்போனது. அன்றிலிருந்து மாடத்தி எந்த வாயையும் நம்பியதில்லை, அவளே திறந்து பார்த்த வாயைத் தவிர.

அந்தச் சந்தைக்கு இரண்டு வழக்கம் உண்டு. ஒன்று, விலையை வாயால் பேசக் கூடாது. இரண்டு பேரும் ஒரு துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்துத்தான் பேச வேண்டும். துண்டுக்குள் நடந்தது துண்டோடு போக வேண்டும், வெளியே சொல்லக் கூடாது. இன்னொன்று, விற்கிறவன் சொன்ன வயசு பொய் என்று தெரிந்தால் வாங்கியவன் கொடுத்த அச்சாரம் அப்படியே திரும்பி வந்துவிடும். பல்லு பொய்னா பேச்சு முறிஞ்சுது. இதுதான் வெயிலூர்ச் சட்டம். ராஜாவுக்கும் அதுதான், ராவுத்தருக்கும் அதுதான்.

ராஜாவின் பெயர் அஞ்சாச்சிங்கம். பெயர் வைத்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். பல்லி கத்தினால் பஞ்சாங்கம் பார்க்கிறவர் அவர். ஆனாலும் நல்ல மனுஷன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜா தேருக்குக் காளை வாங்கச் சந்தைக்கு வந்தார். அதே நாள் தூமகேதுவும் வந்தான்.

தூமகேது ஒரு மந்திரவாதி. உடம்பு வெளுத்து, உதடு வெடித்து, வெயில் கொளுத்தும் சந்தையில் கருப்புக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு நின்றான். வெள்ளை வெளேரென்று ஒரு தாடி, ஆள் நீளத்துக்கு. அந்தத் தாடி கீழே தொங்கவில்லை. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் சரி, சூரியன் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகவே நீட்டிக்கொண்டு பறந்தது. காலையில் மேற்கே பறக்கும் தாடி சாயங்காலம் கிழக்கே பறக்கும்.

அவன் ஒரு பித்தளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி ராஜாவுக்குக் காட்டினான். தண்ணீருக்குள் சூரியன் தெரிந்தது. பார்க்கப் பார்க்க அது ஊதியது, சிவந்தது, பூசணிக்காய் போல் பெருத்தது. பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த புதனை விழுங்கியது. அடுத்து ஓடிய வெள்ளியை விழுங்கியது. பூமியின் கடலெல்லாம் கொதித்து ஆவியாகி, தரை செங்கல் சூளையாகிக் கிடந்தது.

ராஜாவுக்கு நாக்கு வறண்டுவிட்டது. இது என்றைக்கு நடக்கும் என்று மட்டும் கேட்டார்.

“பல்லெல்லாம் கொட்டிப்போன கிழட்டுச் சூரியன் மகாராஜா. நாளைக்கோ மறுநாளோ.”

தன் கம்பளியை வெயிலூருக்கு மேலே விரித்துவிட்டால் எந்தச் சூடும் தொடாது, அதை விற்கத்தான் வந்தேன் என்றான். விலையும் பெரிதாக ஒன்றும் இல்லை: கம்பளிமேல் விழுகிற வெயில் முழுக்க அவனுக்கு. அச்சாரமாக இந்தச் சந்தையில் நிற்கும் ஓர் உயிர், எது பிடிக்கிறதோ அது.

காளையையோ கன்றையோ எடுத்துக்கொள்வான் என்று ராஜா நினைத்தார். துண்டுக்குள் கையை விட்டார். விரலைப் பிடித்தார். பேச்சு முடிந்தது. பல் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சூரியனுக்கு யார் பல் பார்ப்பது?

அந்த நேரம் பார்த்து, மாடத்தியின் மகள் சிட்டு காற்றுக்கு எதிராகப் பறக்கும் தாடியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். ஏழு வயசுப் பிள்ளை. சிரிக்க ஆரம்பித்தால் விக்கல் வந்துதான் நிற்கும்.

தூமகேது அந்தச் சிரிப்பைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டான். பிறகு நடந்து போய் அவள் நெற்றியில் ஒரு விரலை வைத்தான். சிரித்த வாய் சிரித்தபடி, தூக்கிய கை தூக்கியபடி, சிட்டு பனிக்கட்டிப் பொம்மையாகி நின்றாள்.

கம்பளியை வீசினான். அது வானத்துக்கு ஏறி ஊர்முழுக்கக் கவிந்தது. உச்சிவேளையில் சந்தை சாம்பல் நிறமானது.

மாடத்தி மாட்டுக் கொட்டகையிலிருந்து ஓடிவந்தாள். மகளைத் தொட்டாள், கை ஒட்டிக்கொண்டது. அவள் கத்திய கத்தில் கட்டியிருந்த மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டன. மந்திரவாதியின் பரம்பரையையும் ராஜாவின் பரம்பரையையும் ஒருசேர விசாரித்தாள். அந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. மூச்சு தீர்ந்த பிறகுதான் நடந்ததைக் கூட்டத்திடம் கேட்டாள், தரகு புத்தி வந்தது.

“மகாராஜா, பல் பார்த்தீங்களா?”

ராஜா தலையைக் குனிந்துகொண்டார்.

மாடத்தி தூமகேதுவின் பக்கம் திரும்பினாள். “யோவ் தாடி. நீ சொன்ன வயசு பொய்னா என்ன சட்டம்?”

“பல்லு பொய்னா பேச்சு முறிஞ்சுது” என்றான் அவன், நிதானமாக. “அடுத்த ஞாயிற்றுக்கிழமை கம்பளியில் வெயில் நிறைந்துவிடும். அந்த வெயிலை வழித்து எடுத்துக்கொண்டு பிள்ளையோடு ஊருக்குப் போய்விடுவேன். அதற்குள் பார்த்துவிட்டு வந்து சொல்.”

பார்க்க முடியாது என்ற தைரியம் அவனுக்கு.

சந்தையின் ஓரத்தில் மயிலை என்று ஒரு சாம்பல் நிறக் காளை நின்றது. மாடத்தியின் காளைதான். நெற்றியில் இருந்த சுழி சும்மா இருக்காமல் ராட்டினம் போல் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து யாரும் வாங்கவில்லை. சந்தை சந்தையாக ஓட்டிவந்து, சந்தை சந்தையாக ஓட்டிப்போவாள். விலையைக் குறைக்கச் சொன்னவர்களோடு சண்டை போட்டாள், குறைக்கவில்லை.

“ஆத்தா, ஏறு” என்றது காளை.

“எங்கலே?”

“மேலே. இந்தச் சுழி எதுக்குச் சுத்துதுன்னு ஒரு பயலாவது கேட்டானா? வானத்துல சுத்துறதெல்லாம் எனக்குச் சொந்தக்காரங்க.”

இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று மாடத்தி அதையும் ஒரு சத்தம் போட்டாள். நீ எங்கே பேச விட்டாய் என்றது மயிலை. ஏறி உட்கார்ந்தாள். காளை நாலு எட்டில் புளியமரத்துக்கு மேலே போனது, கம்பளியின் ஓரத்தைக் கொம்பால் தூக்கியது, வெளியே வந்தது.

வானத்தில் வண்டித்தடம் கிடையாது. ஆனால் மாடு அறியும் வழி ஒன்று உண்டு. களத்தில் கதிரடிக்கும்போது நடுக்கம்பைச் சுற்றி மாடுகளைப் பிணைத்து ஓட்டுவார்கள் அல்லவா, அதே மாதிரி சூரியனை நடுவில் வைத்துப் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், பெரிய வியாழன், வளையம் போட்ட சனி, அதற்கும் அந்தப் பக்கம் இரண்டு நீலக் கிழங்கள் என்று எல்லாம் வட்டமடித்துக்கொண்டிருந்தன. கயிறு மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை.

முதலில் வந்தது நிலா.

“நில்லு நில்லு, எங்கே போறே?”

“சூரியனுக்குப் பல் பார்க்கப் போறேன். வழி விடு மாமா.”

“போ. ஆனால் வெந்து போவே. என் மண்ணைக் கொஞ்சம் பூசிக்கோ, உடம்பு தாங்கும். பதிலுக்கு ஒன்று கேட்டுட்டு வா. வருஷா வருஷம், நகம் வளர்கிற அளவுக்கு, நான் பூமியை விட்டு விலகிக்கொண்டே இருக்கிறேன். ஒருநாள் அடியோடு பிரிஞ்சுடுவேனா?”

கேட்டுவருகிறேன் என்று சாம்பல் மண்ணை அள்ளிப் பூசிக்கொண்டாள்.

அடுத்து வந்தது வெள்ளி. பார்க்க மினுமினுவென்று இருந்தவள், கிட்டப் போனால் அடுப்படியில் நிற்கிற மாதிரி புழுங்கினாள். மேகத்தை முக்காடு முக்காடாகப் போட்டிருந்தாள்.

“நில்லு நில்லு, எங்கே போறே?”

“சூரியனுக்குப் பல் பார்க்கப் போறேன். வழி விடு அக்கா.”

“போ. கண் அவிஞ்சுடும். இந்த முக்காட்டில் ஒன்றைப் போட்டுக்கோ. பதிலுக்கு ஒன்று கேட்டுட்டு வா. எனக்கும் ஒரு காலத்தில் கடல் இருந்ததாக ஞாபகம். நிச்சயமாகத் தெரியவில்லை. இருந்திருந்தால், அது திரும்ப வருமா?”

மாடத்திக்கு இதைக் கேட்டதும் பாவமாக இருந்தது. வழக்கம்போல் அதைக் கோபமாக்கி, சரி சரி, முக்காட்டைக் கொடு, நேரமாகிறது என்றாள்.

கடைசியில் வந்தது புதன். இரும்பு உருண்டை போலச் சின்னப் பயல், உடம்பெல்லாம் அம்மைத் தழும்பு. ஓட்டமான ஓட்டம். நின்று பேச அவனுக்கு நேரமில்லை. காளையும் கூடவே ஓடியது.

“ஓடிக்கிட்டே சொல்லு, எங்கே போறே?”

“சூரியனுக்குப் பல் பார்க்கப் போறேன். வழி விடு தம்பி.”

“என் முதுகுப் பக்கம் நிழல் இருக்கு. ஒரு பக்கம் கொதிச்சாலும் மறுபக்கம் எனக்குப் பனிதான். அதில் ஒரு துண்டைக் கிழிச்சு விரிச்சுக்கோ, அதுமேல நட. பதிலுக்கு ஒன்று கேளு அக்கா. முதலில் விழுங்கப் போறது என்னைத்தானாமே? எப்போ?”

நிலாவின் மண்ணைப் பூசி, வெள்ளியின் முக்காட்டைப் போட்டு, புதனின் நிழலை விரித்து அதன்மேல் நடந்து, மாடத்தி சூரியன் முன்னால் போய் நின்றாள். வரம் கேட்டு எத்தனையோ பேர் அவரைக் கும்பிட்டிருக்கிறார்கள். அவள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னாள்:

“அய்யா, வாயைத் திறங்க.”

சூரியன் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பூமியளவு தீ நாக்குகள் எழுந்து வளைந்து விழுந்தன. “எதுக்கம்மா?”

“பல் பார்க்கணும். நீங்க கிழம்னு ஒருத்தன் எங்க ராஜாகிட்ட வயசு சொல்லியிருக்கான். அந்தப் பேச்சுல என் பிள்ளை அச்சாரமா நிக்குது.”

சூரியன் சிரிப்பை நிறுத்தினார். வாயைத் திறந்தார்.

பல் இல்லை. ஆனால் மாடத்திக்குப் பல் வேண்டியதில்லை, தீனியைப் பார்த்தாலே போதும். உள்ளே ஒரு வைக்கோல்போர். அதன் பாரமே அதை அமுக்க, அமுக்குகிற சூட்டில் அதுவே எரிந்துகொண்டிருந்தது. நடுவயிற்றில் எரிந்த சாம்பல் குமிந்திருந்தது. சாம்பலைப் பார்த்தாள், வைக்கோலைப் பார்த்தாள், போரின் இரண்டு பக்கமும் நடந்து பார்த்தாள். கையை முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவினாள்.

“பாதி” என்றாள். “பாதிதான் தின்னிருக்கீங்க. உழவுக்குப் போற வயசு.”

“சரியாச் சொன்னாய். ஐநூறு கோடி வருஷத்துக்குக் கொஞ்சம் குறையத் தின்றாயிற்று. இன்னும் அதே அளவு கிடக்கிறது.”

“அப்போ அவன் தட்டுல காட்டினது முழுப்பொய்.”

“இல்லை. காட்டினது நிஜம். சொன்ன நாள்தான் பொய்.”

மாடத்தி அதை எதிர்பார்க்கவில்லை. காளையின் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டாள். முழுக்கச் சொல்லுங்க என்றாள்.

சூரியன் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். சாம்பல் சேரச் சேரத் தன் சூடு மெல்ல மெல்லக் கூடிவருவதையும், இன்னும் நூறு கோடி வருஷம் போனால் பூமியின் கடலே வற்றத் தொடங்குமென்பதையும் சொன்னார். நடுவயிற்று வைக்கோல் தீர்ந்ததும் தீ ஓரத்துக்குப் பரவும். அப்போது உடம்பு ஊதும், சிவக்கும். புதனை விழுங்கும், வெள்ளியை விழுங்கும்.

“பூமியை?”

“அதுதான் எனக்கே நிச்சயமில்லை. ஊத ஊத என் உடம்பு காற்றாய்க் கரையும், பாரம் குறையும். பாரம் குறைந்தால் பிடி தளரும், கயிறு நீளும், பூமி கொஞ்சம் எட்டப் போகும். தப்பினாலும் தப்பும். ஆனால் வெந்த கல்லாகத்தான் தப்பும்.”

“அப்புறம் நீங்க?”

“மேல்தோல் முழுவதையும் ஊதிவிட்டுவிடுவேன். மிஞ்சுவது உன் பூமியளவு ஒரு வெள்ளைக் கங்கு. அது ஆறும். ஆறிக்கொண்டே இருக்கும்.”

மாடத்தி இடுப்புத் துண்டை அவிழ்த்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அவள் துண்டை உதறாமல் மடித்ததை மயிலைக் காளை அன்றுதான் பார்த்தது.

“ஊதிவிட்ட தோல் வீணாத்தானே போகும்?” என்றாள் பிறகு.

“வீணாவானேன். எங்காவது இன்னொரு வைக்கோல்போர் சேரும்போது அதில் கலக்கும். நானும் அப்படி எவனோ ஊதிவிட்டதில் சேர்ந்தவன்தான்.”

அதன்பிறகு நிலாவின் கேள்வியையும் வெள்ளியின் கேள்வியையும் புதனின் கேள்வியையும் கேட்டு, பதிலை வாங்கிக்கொண்டாள். கடைசியாகத் தூமகேதுவைப் பற்றிக் கேட்டாள்.

“அவனா” என்றார் சூரியன். “பனியும் தூசியும் சேர்ந்த பயல். கடைசி நீலக் கிழம் சுற்றும் வட்டத்துக்கும் வெகு தூரம் அந்தப் பக்கம் அவன் ஊர். அங்கே எல்லாரும் உறைந்து கிடக்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் நான் ஒரு வெளிச்சப் புள்ளி. குளிர் பொறுக்காமல் யுகத்துக்கு ஒருமுறை என்னிடம் ஓடிவருவான். கிட்ட வந்தால் கரைகிறான். நீ பார்த்த தாடி மயிர் இல்லை, அவன் கரைகிற கரைசல். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைந்துதான் திரும்பிப் போகிறான்.”

மாடத்திக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் தரகு பார்த்த மனசு ஒரு கணக்குப் போட்டது.

“அய்யா, நீங்க ஊதும்போது அவன் ஊருக்கு என்ன ஆகும்?”

“அங்கே அப்போதுதான் முதல் கோடை. இங்கே எல்லாம் வெந்து கிடக்கும் நாளில், அங்கே பனி உருகித் தண்ணீர் ஓடும்.”

“வாய்ப்பேச்சு சந்தையில செல்லாது. அச்சாரம் குடுங்க.”

சூரியன் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு போரிலிருந்து ஒரே ஒரு வைக்கோலை உருவிக் கொடுத்தார். அது சுடவில்லை. ஆறவும் இல்லை. மாடத்தி அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

திரும்பும் வழியில் புதன் ஓடிக்கொண்டே பதில் கேட்டான். மாடத்தி, “முதல்ல நீதான் தம்பி. ஆனா நீ இதுவரைக்கும் ஓடினதைவிட இனிமே ஓட வேண்டியதுதான் ஜாஸ்தி. இப்பவே பயந்து சாகாதே” என்றாள். புதன் இன்னும் வேகமாக ஓடினான், சந்தோஷத்தில்.

வெள்ளிக்குச் சொல்ல நல்ல பதில் அவளிடம் இல்லை. ஆனாலும் பல்லை ராவிச் சொல்லத் தெரியாதவள். கடல் திரும்ப வராது அக்கா என்றாள். வெள்ளி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, “இத்தனை நாள் யாரும் நேராச் சொன்னதில்லை. போய்ட்டு வா” என்றாள்.

நிலாவிடம், விலகல் நிற்காது, ஆனால் சூரியன் ஊதும் நாள் வரைக்கும் பிரிவும் வராது என்றாள். அது போதும் என்றது நிலா.

கம்பளியின் ஓரத்தைக் காளை மறுபடி தூக்கியபோது ஞாயிற்றுக்கிழமைச் சந்தை கூடியிருந்தது. கூடியது என்ன, நடுங்கிக்கொண்டு நின்றது. வாடிய வைக்கோல், மடி வற்றிய பசுக்கள், மூன்று சால்வை போர்த்த ராஜா. வாரம் முழுக்க வெயிலைக் குடித்த கம்பளி, கனத்து, புளியமர உச்சிவரை தாழ்ந்து தொங்கியது.

தூமகேது பனிப்பொம்மையின் எதிரே குந்தியிருந்தான். சூரியன் மறைந்துவிட்டதால் அவன் தாடி சுருங்கி ஒரு முழமாய்த் தொங்கியது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, கன்னத்தை உப்பி, கண்ணை உருட்டி, சிட்டுவுக்கு முகம் காட்டிக்கொண்டிருந்தான். அவள் மறுபடி சிரிப்பாளா என்று பார்த்தான். பனிக்கட்டி எங்கே சிரிக்கும்?

மாடத்தி வழி முழுக்க ஒரு பேச்சைத் தயார் செய்து வந்திருந்தாள். அவன் பனி என்பதையும், கரைகிறவன் என்பதையும், பிச்சைக்கார ஊர்க்காரன் என்பதையும் சந்தை முழுக்கக் கேட்கச் சொல்லி நாறடிக்க வேண்டும். நாக்கு நுனியில் வைத்திருந்தாள்.

“பல்லு பொய்” என்றாள் உரக்க. கூட்டம் திரும்பியது.

“சாட்சி?” என்றான் தூமகேது, எழுந்து.

“கையைக் குடு.”

துண்டை உதறி விரித்தாள். இரண்டு கைகளும் உள்ளே போயின. அவன் விரலைப் பிடிக்கத் துழாவினாள். கட்டைவிரல் இருந்தது. ஆள்காட்டி விரல் இருந்தது. மற்ற மூன்றும் இல்லை. கரைந்து மழுங்கிய மொட்டுகள்தான், மெழுகுவர்த்தி அடி போல.

நாக்கு நுனியில் இருந்த பேச்சை மாடத்தி விழுங்கினாள். அவளுக்கு அது சின்ன வேலை இல்லை. துண்டுக்குள் அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்துப் பாதியில் மடக்கினாள். பாதி வயசு. சந்தைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த பாஷை அது. அதன்பிறகு முந்தானையை அவிழ்த்து, அந்த ஒற்றை வைக்கோலை அவன் உள்ளங்கையில் வைத்து மூடினாள். துண்டின் நூலிழைகளுக்கு நடுவே சிவப்பாக வெளிச்சம் கசிந்தது. கூட்டம் பார்த்தது அவ்வளவுதான்.

தூமகேது அவளுக்கு மட்டும் கேட்கும்படி பேசினான். “சுடவில்லையே. என்ன இது?”

“அச்சாரம். சூரியன் குடுத்தது, உன் ஊருக்கு. அவர் ஊதுற அன்னைக்கு உன் ஊர்ல பனி உருகும்.”

“நிஜமா?”

“நான் வாயைத் திறந்து பார்த்துட்டு வந்தவ.”

“நாளாகுமே.”

“ஆகும். நிஜமான வயசுன்னா நாளாகத்தான் செய்யும். அதுவரைக்கும் ஆசையில ரொம்பக் கிட்டப் போய் உன்னைக் கரைச்சுக்காதே. எட்ட நின்னு பார்த்துட்டுப் போ. அந்தக் கோடை வரும்போது உன் ஊர்க்காரங்களை எழுப்ப ஒரு ஆள் வேணாமா?”

அவன் கையை உடனே எடுக்கவில்லை. வைக்கோலைப் பிடித்திருந்த இரண்டு விரலும் மெல்ல மூடிக்கொண்டன. எடுத்தபோது அந்தக் கையைக் கம்பளி இல்லாத மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டான். கூட்டத்தைப் பார்த்து அவனே சொன்னான்:

“பல்லு பொய். பேச்சு முறிஞ்சுது.”

மந்திரம் முறிந்தது. புளியமர உச்சியில் கம்பளி நடுவில் கிழிந்தது. வாரம் முழுக்கத் தேங்கிய வெயில் மொத்தமும் ஒரே கொட்டாகச் சந்தையின்மேல் கொட்டியது. மாடுகள் உடம்பைச் சிலிர்த்தன. ராஜா ஒரு சால்வையை எடுத்தார், இரண்டாவதை எடுத்தார், மூன்றாவதையும் எடுத்தார். பனி வழிந்து, மண் நனைந்து, நடுவில் சிட்டு நின்றாள். தூக்கிய கை தூக்கியபடி.

அதே நேரம் தூமகேதுவின் தாடி விருட்டென்று எழுந்து காற்றுக்கு எதிராகப் பறந்தது. சிட்டு விட்ட இடத்திலிருந்து சிரிக்கத் தொடங்கினாள். அவளைப் பொறுத்தவரை நடுவில் ஒரு வாரம் போகவே இல்லை. விழுந்து விழுந்து சிரித்தாள், விக்கல் வரும்வரை சிரித்தாள். அதைப் பார்த்து, வெடித்த உதட்டை விரித்து, தூமகேதுவும் சிரித்தான். சத்தம் பழக்கமில்லாத சிரிப்பு, முதலில் இருமல் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

அந்தச் சிரிப்பை யாரும் அவனுக்கு விற்கவில்லை. அவன் அதையும் வைக்கோலையும் எடுத்துக்கொண்டு, நெட்டுக்குத்தாக மேலே ஏறி, சூரியனை எட்ட இருந்தே ஒரு வளைவு வளைந்து கும்பிட்டுவிட்டு, தாடி முன்னே பறக்க ஊரைப் பார்த்துப் போனான்.

துண்டுக்குள் என்ன நடந்தது என்று ராஜா கேட்டார். ஊரே கேட்டது. மாடத்தி சொல்லவில்லை. ராஜாவுக்குத்தான் நிறையச் சொன்னாள். நாளைக்கு என்று எவனாவது பயம் காட்டினால் முதலில் வாயைத் திறக்கச் சொல்ல வேண்டும், பார்க்காமல் கையைக் கொடுக்கக் கூடாது என்று சந்தை நடுவில் நிற்கவைத்துச் சொன்னாள். ராஜா நல்ல மனுஷன் என்று முன்னமே சொன்னேன் அல்லவா, கடைசிவரை கேட்டுக்கொண்டார். பாதி ராஜ்ஜியம் தருகிறேன் என்றார். பாதி ராஜ்ஜியத்தைக் கட்டி மேய்க்க எனக்கு நேரமில்லை, சந்தையில் மாடுகளுக்குத் தண்ணித்தொட்டி கட்டிக்கொடுங்கள் என்றாள். ஒரு தொட்டி என்றார் ராஜா. துண்டைப் போட்டாள். கையை எடுக்கும்போது தொட்டி மூன்றாகி, மேலே ஓலைப்பந்தலும் வந்திருந்தது.

சாயங்காலம் சந்தை கலைந்தது. மயிலைக்கு விலை கேட்டு அன்றைக்கு மட்டும் ஒரு கும்பலே வந்தது. விற்பதற்கில்லை என்று ஒரே வார்த்தையில் அனுப்பினாள். காளையின் நெற்றிச் சுழி நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சிட்டு அதன் முதுகில் உட்கார்ந்து, மேற்கே இறங்கும் சூரியனைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“அம்மா, சூரியனுக்கும் வயசாகுமா?”

“ஆகும்.”

“செத்துப்போவாரா?”

“ஆறிப்போவார்.”

“அப்போ நாம?”

“நமக்கு அதுக்கு முன்னாடி நிறையச் சந்தை இருக்கு. கயித்தைப் பிடி, ஓடையில இறங்குது.”

தாடிக்காரன் இன்னும் வந்துதான் போகிறான். யுகத்துக்கு ஒருமுறை, எட்ட நின்றே. வந்தால் வெயிலூர்ப் பிள்ளைகள் வெளியே வந்து வாய்விட்டுச் சிரித்துக் காட்டுவார்கள். கதை இங்கே நின்றுவிட்டது. வெயில் இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது.